ஓவன் வேண்டாம், ஈஸ்ட் வேண்டாம்: தாச்சியில் பீட்சா

வீட்டுப் பீட்சா சதசதவென்று போவதற்குத் தண்ணீர்தான் காரணம். தக்காளியிலும் இறாலிலும் உள்ள நீரை முதலே வற்ற வைத்துவிட்டால், மிச்சம் ரொட்டி சுடும் வேலைதான்.

நாலு சிறிய பீட்சாவுக்கு 200 கிராம் ஆட்டா மா, 100 கிராம் வெள்ளைக் கோதுமை மா, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் தேக்கரண்டி உப்பு. இவற்றைக் கலந்து, 200 கிராம் தயிரும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் குழையுங்கள். இறுகினால் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளியுங்கள். ரொட்டி மாவை விடச் சற்று இளக்கமாக வரவேண்டும். மூடி 15 நிமிடம் வைத்தால் போதும். தயிரின் புளிப்புப் பட்டதுமே பேக்கிங் பவுடர் பொங்கத் தொடங்கும். நேரம் போனால் பொங்கல் அடங்கி, சுடும்போது தட்டையாகிவிடும். குரக்கன் மா சேர்ப்பதென்றால் ஆட்டா மாவில் 50 கிராமுக்குப் பதிலாகப் போடுங்கள். கூடினால் தட்டும்போதே விளிம்பு வெடிக்கும்.

மா ஊறும்வரை சோஸைப் பாருங்கள். எண்ணெயில் 3 பல்லு உள்ளியை நசுக்கிப் போட்டு, பொடியாக வெட்டிய 4 தக்காளிப்பழம், இடித்த செத்தல் மிளகாய், உப்புச் சேர்த்து வற்ற விடுங்கள். அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கையிலையைப் போட்டு வதக்குங்கள். சீஸுக்கு மேல் தூவினால் பச்சை மணம் போகாது, பிள்ளைகளும் பொறுக்கி எறிவார்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூர் இறால் கிடைத்தால் கோதை உடைத்து, மஞ்சளும் மிளகுதூளும் பிரட்டி 2 நிமிடம் வதக்கி, விடும் நீரை வடித்துவிடுங்கள்.

மாவை 7 அங்குல வட்டமாகத் தட்டி, காய்ந்த தாச்சியில் நடுத்தர நெருப்பில் 2 நிமிடம் சுடுங்கள். கீழே பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, சுட்ட பக்கத்தில் ஒன்றரை மேசைக்கரண்டி சோஸ் பூசுங்கள். பச்சை மாவில் பூசினால் ஈரம் உள்ளே இறங்கி, அடி வேகாது. அதன்மேல் இறால், மெல்லிய கறிமிளகாய்த் துண்டுகள், துருவிய மொசரெல்லா சீஸ் 40 கிராம். மூடி, நெருப்பை நன்றாகக் குறைத்து 5 நிமிடம். மூடியில் வேர்க்கும் நீர் சீஸில் சொட்டாமலிருக்க, மூடியைத் துணியால் சுற்றி, நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள். தொங்கினால் நெருப்புப் பிடிக்கும். சீஸ் உருகுமுன் அடி கருகினால் தாச்சி மெல்லிது. அடியில் ஒரு தோசைக்கல்லை வைத்துச் சுடுங்கள்.

பள்ளிக்கூட நாளென்றால் வட்டங்களை முதல் நாள் இரவே ஒரு பக்கம் சுட்டு, ஆறியபின் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பூசி மூடுவது மட்டுமே மிச்சம்.