வீல்சேரில் கடற்கரைக்குப் போவது எப்படி

முதுகுத்தண்டில் அடிபட்டு என் அண்ணன் வீல்சேருக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஒரே மாதிரிதான் ஓடியது: மருந்து, பிசியோதெரபி, சாப்பாடு, டிவி, தூக்கம். "முதலில் உடம்பு தேறட்டும், ஊர் சுற்றுவதெல்லாம் அப்புறம்" என்று நாங்களே இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம். அது பெரிய தப்பு. வெளியே போவதும் விளையாடுவதும் உடம்பு தேறுவதில் சேர்த்திதான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இதை அன்றைக்கே புரிந்துகொண்டு, 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், வீல்சேரில் இருந்த 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். பாராலிம்பிக்குக்கு விதை அதுதான்.

சென்னையில் இருப்பவர்கள் மெரினாவிலிருந்து தொடங்கலாம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 263 மீட்டர் நீளம். 2022 நவம்பரில் திறந்து, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தது.

சரி, கிளம்பும் முன். முதலில் எங்கே போகலாம் என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக முடிவுசெய்து தூக்கிப்போகாதீர்கள். டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்திருந்தால் தள்ளுபவருக்கும் கஷ்டம், பிரேக்கும் பிடிக்காது. சிறுநீர்க் குழாய் மாட்டியிருந்தால் அதன் பையைக் காலி செய்துவிட்டு, குழாய் எங்கும் மடங்கவில்லையே என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள். உட்காரும் குஷனை "கொஞ்ச நேரம்தானே" என்று வீட்டில் விட்டுவிடவே கூடாது. படுக்கைப்புண் வர ஒரே சாயங்காலம் போதும், ஆற மாசக்கணக்கில் ஆகும்.

உச்சி வெயில் வேண்டாம். கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். விடிகாலை அல்லது ஐந்து மணிக்கு மேல் போங்கள், ஈரத்துண்டும் குடிக்கத் தண்ணீரும் கையில் இருக்கட்டும். உணர்ச்சி இல்லாத காலில் சூட்டு மணலும் உடைந்த கிளிஞ்சலும் பட்டால் தெரியாது, அதனால் ஷூ போட்டுவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிருஷ்டத்தின் மேல் இருக்கும் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். திடீரென்று தலை பிளப்பதுபோல் வலித்து முகம் சிவந்து வியர்த்தால் நேராக உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு எடுத்தும் தணியவில்லை என்றால், ஏன், குழாய் சரியாக இருந்தும் அப்படி இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முடிந்த தூரம் அவரே சக்கரத்தைத் தள்ளட்டும், நீங்கள் பின்னால் நடந்தால் போதும். மூச்சும் கையும் பலப்படும், ராத்திரி தூக்கம் வரும். மாற்றுத்திறனாளிப் பெரியவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தோள் வலித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள், வீல்சேரில் இருப்பவருக்கு கால் வேலையையும் தோள்தான் செய்கிறது.

முதல் நாள் சுண்டல்காரப் பையன் என்னிடம்தான் "சாருக்கு எவ்வளவுண்ணா?" என்று கேட்டான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து தானே நோட்டை எடுத்து நீட்டி, "மாங்காய் நிறையப் போடு தம்பி" என்றார். இரண்டு வருடத்தில் அவர் கையால் காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கியது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பாதம், குதிகால், இடுப்பு எல்லாம் பாருங்கள். எங்காவது சிவந்து அரைமணி நேரத்தில் மாறவில்லை என்றால் அந்த இடத்தில் பாரம் படாமல் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். முன்சக்கரங்களில் ஒட்டிய உப்பு மணலை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்துச் சுற்றாது. மழை நாளில் கேரம் போர்டை மேசைமேல் தூக்கிவைத்தால் வீல்சேரிலிருந்தே ஆடலாம், நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோம்.

இப்போதெல்லாம் சனிக்கிழமை காலையில் நான் எழுவதற்குள் அண்ணன் குரல் வந்துவிடும்: "டேய், டயருக்குக் காத்து அடிச்சியா?"