சின்ஸா, ஃபாரா?

‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.’ நம்மில் பலர் வாயில் தானாக வரும் வாக்கியம். இதில் தப்பு இரண்டு.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘2021லிருந்து’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று ‘இருந்து’ வந்தால் சின்ஸ். ‘மூணு வருஷமா’, ‘ரெண்டு மணி நேரமா’ என்று வந்தால் ஃபார். (‘9 மணியிலிருந்து 5 மணி வரை’ என்று ‘வரை’யும் சேர்ந்தாலோ, ‘நாளையிலிருந்து’ என்று இனி நடக்கப்போவதைச் சொன்னாலோ ஃப்ரம்.)

அடுத்ததுதான் கொஞ்சம் வம்பு. ‘மூணு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன்’ போட்டுத்தான் சொல்ல வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ அந்த வேலையை விட்டாயிற்றா? ‘ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்.’ ஃபார் அப்படியே இருக்கும், ஹேவ் பீன் போய்விடும்.