கிரைண்டர் அதிர்வு கீழ்வீட்டை எட்டாமல் தடுத்த விதம்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மாவு கிரைண்டர் ஓடும்போது, கீழ்வீட்டில் ஓயாமல் ஒரு முரலொலி கேட்பதாக அங்குள்ள அக்கா சொன்னார். எங்கள் சமையலறையில் பேச்சை மறைக்கும் அளவுக்குக்கூட ஓசை எழாததால், அது தரை வழியே இறங்குகிறது என்று புரிந்துகொண்டேன். திறந்த வெளியில் ஒரு சிறிய மூலத்திலிருந்து வரும் ஒலி, தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறைகிறது. கான்கிரீட்டிலோ உள்ளிழப்பு (அதிர்வின் ஆற்றல் பொருளுக்குள்ளேயே வெப்பமாகிக் கரைவது) மிகக் குறைவு என்பதாலும், அதிர்வு தளத்துக்குள்ளேயே பரவுவதாலும், அது அவ்வளவு விரைவாக வலுவிழப்பதில்லை. ஆகவே தளத்துக்குள் நுழையும் இடத்திலேயே அதைத் தடுக்க வேண்டும். சுவரில் திரை தொங்கவிடுவதால் பயனில்லை.

சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதன் ஒவ்வொரு சுழற்சியிலும் காந்த இழுவிசை இருமுறை உச்சமடைவதால், மோட்டாரின் காந்த முரல் 100 ஹெர்ட்ஸில் எழுகிறது. ரப்பர் திண்டின்மேல் நிற்கும் கிரைண்டரின் இயல்பு அதிர்வெண் (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது) இதைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்குத் தடுப்பும் கூடும். பாரத்தில் திண்டு 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அந்த அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸாக அமையும். எனவே கல்லைப்போல் இறுகிய மெல்லிய ரப்பரை ஒதுக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரிய அமுங்கும் தடித்த திண்டுகளை எல்லாக் கால்களுக்கும் அடியில் வைத்தேன். கிரைண்டரைச் சுவரிலிருந்தும் அலமாரியிலிருந்தும் விலக்கினேன். ஓரிடத்தில் தொட்டாலும் அதிர்வு அவ்வழியே கடந்துவிடும். இப்போது முரலொலி கேட்பதில்லை என்கிறார் அக்கா. ஈரத்தில் ரப்பர் வழுக்கும் என்பதால், மாவு அரைத்து முடித்ததும் திண்டுகளைத் துடைத்து உலர்த்துகிறேன்.