ஆறு மணி என்றால் ஆறு மணிதான்: எஃப்எஃப்பிளேஅவுட்டில் ஊர் சேனல் ஓட்டுவது எப்படி

கொழிஞ்சாம்பாறை கேரளத்தில் இருந்தாலும் எங்கள் டீக்கடைப் பேச்சு தமிழ்தான். இங்கே ஒரு சின்ன கேபிள் சேனலின் ஒளிபரப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலை ஆறு மணிக்கு பக்திப் பாடல், ஏழரைக்கு விவசாயம், மாலையில் கோயில் விசேஷங்களின் பதிவு.

முன்பு லேப்டாப்பில் விஎல்சியில் கோப்புகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். நாளுக்கு மூன்று நான்கு நிமிடம் தள்ளிப்போய், வாரக் கடைசியில் ஆறு மணிப் பாட்டு ஆறு இருபதுக்கு வரும். பக்கத்துத் தெரு ஆத்தா ஒருவர் வழியில் நிறுத்திக் கேட்டார்: "ஏந்தம்பி, அந்தப் பாட்டு வந்தாத்தான் நான் பால் கறக்கப் போவேன். இப்ப சொசைட்டிக்குப் போறதுக்குள்ள கேன் எடுத்துட்டுப் போயிடறாங்களே?" அன்றைக்கே வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

கிடைத்தது எஃப்எஃப்பிளேஅவுட். பட்டியலில் போட்ட வீடியோக்களை நேரப்படி தானாக ஓட்டும், ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதிய கட்டற்ற மென்பொருள். உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ, ஒலி மாற்றும் மென்பொருள். சுவீடனின் பொதுத் தொலைக்காட்சி எஸ்விடி உருவாக்கிய காஸ்பர்சிஜி என்ற ஒளிபரப்பு மென்பொருளும் இலவசம்தான், ஆனால் அது ஆள் உட்கார்ந்து இயக்கும் ஸ்டுடியோவுக்குப் பொருத்தம். ஆள் இல்லாமல் நாள் முழுக்க ஓட வேண்டிய சேனலுக்கு எஃப்எஃப்பிளேஅவுட்தான் சரி.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். முதலில் எஃப்எஃப்எம்பெக்கை நிறுவுங்கள். அப்புறம் கிட்ஹப் தளத்தில் எஃப்எஃப்பிளேஅவுட்டின் டெப் கோப்பை (உபுண்டுவுக்கான நிறுவல் கோப்பு) எடுத்து நிறுவுங்கள். மற்ற வேலை பெரும்பாலும் பிரவுசரில்தான், அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியோடு 8787 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறக்க வேண்டும். எஃப்எஃப்பிளேஅவுட் எஃப்எஃப்பியு என்ற தனி பயனர் பெயரில் ஓடும். வீடியோ ஃபோல்டரைப் படிக்க அந்தப் பயனருக்கு அனுமதி இல்லையென்றால் கோப்பு கண்முன்னே இருந்தும் திரையில் வராது. எனக்கு இதிலேயே ஒரு நாள் போனது.

இனி நேரம். இந்த வேலையின் உயிரே இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

உபுண்டு சர்வர் நிறுவும்போது கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அப்படியே விட்டால் ஆறு மணிப் பாட்டு பதினொன்றரைக்குத்தான் வரும். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது நாள் தொடக்கம். இந்த மென்பொருளில் ஒரு நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை. அமைப்பில் தானாகவே 05:59:25 என்று இருக்கும். அதனால் 15ஆம் தேதி இரவு ஒரு மணிக்கு ஓட வேண்டிய நாடகத்தை 14ஆம் தேதிப் பட்டியலில்தான் வைக்க வேண்டும். பழகியவர்களே இடறுகிற இடம் இது. நான் 06:00:00 என்று மாற்றிக்கொண்டேன், பாட்டிலிருந்துதான் எங்கள் நாள் தொடங்குகிறது.

பட்டியல் என்பது நாளுக்கு ஒரு ஜேசன் கோப்பு, அதாவது ஒழுங்காக எழுதிய ஒரு எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கு விஷயம்: வீடியோவின் எந்த நொடியில் தொடக்கம், எந்த நொடியில் முடிவு, மொத்த நீளம், கோப்பு இருக்கும் இடம். பிரவுசரில் கோப்பை இழுத்துப் போட்டாலே இதெல்லாம் எழுதிக்கொள்ளும். ஒரு நாளுக்கு 86,400 நொடி. பத்து நிமிடம் குறைந்தால் அந்த இடைவெளியை நிரப்பியால் (ஃபில்லர், அதாவது இடம் நிரப்பும் வீடியோ) மூடும். கூடினால் கடைசி நிகழ்ச்சியை வெட்டும். கடைசியில் ஓடுகிற நாடகத்தின் முடிவு வெட்டுப்பட்டால் பார்ப்பவருக்கு எப்படி இருக்கும்? அதனால் நான் பத்து இருபது நொடி குறைவாகவே விடுவேன்.

நிரப்பிக்கு ஒரு கோப்பையோ ஒரு ஃபோல்டரையோ காட்டலாம். கோப்பு காணாமல் போனாலும் அதுதான் வரும். நிரப்பியே வைக்காவிட்டால் திரை இருட்டாகிவிடும், உடனே வீடு வீடாகக் கேபிள் வயரைக் கழற்றி மாட்டுவார்கள். நான் வைத்திருப்பது பனைமர வரிசைக்குப் பின்னால் பொழுது சாய்கிற காட்சி, பத்து நிமிடம், காற்றுச் சத்தத்தோடு. நம் ஊர் நம் திரையில் வருவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் வீசும்போது கரண்ட் போவது சகஜம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் எழுந்ததும் எஃப்எஃப்பிளேஅவுட் தானே தொடங்கும். முதல் நிகழ்ச்சிக்குத் திரும்பிப் போகாது, கடிகாரத்தைப் பார்த்து அந்த நேரத்தில் என்ன ஓட வேண்டுமோ அதன் நடுவிலிருந்தே பிடித்துக்கொள்ளும். இதை முதல் தடவை பார்த்தபோது நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கோப்புகளைப் பொறுத்தவரை, அளவு வேறு வேறாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டு மென்பொருளே சமன் செய்யும். ஆனால் போனில் எடுத்த வீடியோவின் பிரேம் வேகம் ஏறி இறங்குவதால் போகப் போக உதடும் குரலும் பிரியும். முன்கூட்டியே நொடிக்கு 25 பிரேமுக்கு மாற்றிவிடுங்கள். ஒலியையும் அப்போதே எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் ஃபில்டரில் மைனஸ் 23 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காதில் கேட்கும் சத்தத்தின் அளவு) கொண்டுவாருங்கள். நாதஸ்வரம் முடிந்து விவசாயப் பேட்டி தொடங்கும்போது ரிமோட்டைத் தேட வேண்டியிருக்காது. லோகோவுக்குப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படம் போதும். வெளியீட்டை ஸ்ட்ரீம் என்று வைத்து கேபிள் கண்ட்ரோல் ரூம் தந்த ஆர்டிஎம்பி முகவரியை (வீடியோவை நெட்வொர்க்கில் அனுப்பும் முகவரி) கொடுத்தால் முடிந்தது. சினிமாப் பாட்டை அனுமதி வாங்காமல் ஓட்டாதீர்கள். நாமே எடுத்ததும் எழுதி வாங்கியதும் போதும்.

நேரடி ஒளிபரப்பும் உண்டு. சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படைத் திருவிழா வரும். கொங்குப் படையை வென்ற நினைவாக நடப்பது, கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களும் குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம். லைவ் இன்ஜெஸ்ட் என்ற வசதியைத் திறந்து, கோயிலிலிருந்து ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் அந்த வசதிக்குரிய முகவரிக்கு அனுப்பினால் சேனல் தானாக நேரலைக்கு மாறும். நிறுத்தியதும் பட்டியலில் அந்த நேரத்துக்கு உரிய இடத்துக்கே திரும்பும். அந்த முகவரி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தெரிந்துகொண்ட யாரும் நம் திரையில் ஏறிவிடலாம்.

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆத்தா வீட்டுக்குப் போனேன். பால் கேன் திண்ணையில் தயாராக இருந்தது, உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப சரியா வருது தம்பி" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்கு நடந்தார்.