தொப்பூர் கணவாய் இறங்கும் முன் டூல்ஸ் பெட்டியில் பார்க்க வேண்டியவை

தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் லாரிக்கு முதல் தேவை ஜாக்கி அல்ல, சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கட்டை. ரெண்டு இருக்கட்டும். ரோட்டோரக் கல்லை நம்பாதீர்கள், பாரத்தில் நழுவும், இல்லையேல் நொறுங்கும்.

சரிவில் டயர் மாற்றவே கூடாது. மெதுவாக உருட்டியாவது சமதளத்துக்குப் போங்கள். வண்டிக்குப் பின்னால் தூரத்தில் முக்கோண ரிஃப்ளெக்டர் வையுங்கள். நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்த வேண்டும்; தூக்கிய பிறகு முறுக்கினால் வண்டி ஆடும், ஜாக்கி சாயும். சில பழைய வண்டிகளில் இடப்பக்க நட்டு தலைகீழ் மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்கினால் போல்ட்டே முறியும். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை அவசியம். மண்ணும் வெயிலில் இளகிய தாரும் உள்வாங்கும். மாட்டியதும் நட்டை எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

பல்பு, ஃபியூஸ் உபரியாக வைத்திருங்கள். பல்பு 24 வோல்ட்தானா என்று பாருங்கள். கார் பல்பு போட்ட நொடியே போய்விடும். பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஹோஸ் ஒன்று, கிளாம்ப் நாலு. பிரேக் காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்து வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.