ஐஆர் விண்டோ வழியாக வெப்பநிலை பார்க்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஓடிக்கொண்டிருக்கும் 415 வோல்ட் பேனலின் கதவைத் திறந்துவைத்து தெர்மல் கேமராவை நீட்டுவது ஆபத்தான வேலை. கையில் இருக்கும் ஸ்பேனர் நழுவி விழுந்தாலே ஆர்க் ஃப்ளாஷ், அதாவது காற்றில் பாயும் மின்பொறியின் தீப்பிழம்பு, வெடிக்கலாம். அதற்காகத்தான் கதவில் ஐஆர் விண்டோ, அதாவது அகச்சிவப்புக் கதிரை (இன்ஃப்ராரெட்) கடக்கவிடும் சிறு ஜன்னல், பொருத்துகிறார்கள். கதவு மூடியபடியே இருக்க, பஸ்பார் (மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை) ஜாயிண்டும் கேபிள் லக்கும் (கேபிள் முனையை இணைக்கும் உலோகத் துண்டு) சூடாகிறதா என்று வெளியில் நின்றே பார்த்துவிடலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் நடுவில் ஒரு விண்டோ இருப்பது கேமராவுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

எந்த விண்டோவும் அகச்சிவப்புக் கதிரை முழுதாக விடாது. பாதிதான் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியஸ், கறுப்பு டேப் ஒட்டிய ஒரு லக் 90 டிகிரி. டிரான்ஸ்மிசிவிட்டியை (விண்டோ கதிரில் எவ்வளவு பங்கைக் கடக்கவிடுகிறது என்ற எண்ணை) திருத்தாத கேமரா அதைச் சுமார் 64 என்று காட்டும். “மூன்று பேஸையும் (மின்சாரம் வரும் மூன்று தடங்களையும்) ஒப்பிட்டுத்தானே பார்க்கிறோம், அப்புறம் என்ன?” என்பார்கள். அதுவும் சரிவராது. பக்கத்து பேஸ் 60 டிகிரியில் இருந்தால் கேமராவில் அது 46 ஆகத் தெரியும். 30 டிகிரி வித்தியாசம் 18 ஆகச் சுருங்கிவிடுகிறது. உடனே ஷட்டவுன் கேட்க வேண்டிய லக், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போய்விடும்.

சரி, விண்டோவின் விளம்பரத் தாளில் இருக்கும் டிரான்ஸ்மிசிவிட்டி எண்ணை அப்படியே கேமராவில் போட்டுவிடலாமா? கூடாது. பல விண்டோக்களில் இருக்கும் கால்சியம் ஃப்ளோரைடு படிகம் குறுகிய அலைகளை நன்றாக விடும், 8 மைக்ரானைத் தாண்டியதும் வேகமாக மங்கும். நம் கையில் இருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரை பார்ப்பவை. அதனால் நம் கேமராவை வைத்தே அளந்துகொள்வது நல்லது. கறுப்பு டேப் ஒட்டிய ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, டேப்பை நேராக ஒருமுறை அளவிடுங்கள். நீர் ஆறுவதற்குள் விண்டோவை நடுவில் பிடித்து, அதே வெப்பநிலை வரும்வரை டிரான்ஸ்மிசிவிட்டியை மாற்றுங்கள். கிடைக்கும் எண்ணைக் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். ஈரமும் தூசியும் படிகத்தை மங்கச் செய்வதால் சில வருடங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்தது எமிசிவிட்டி, அதாவது ஒரு பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடும் திறன். பளபளக்கும் செம்பு தன் வெப்பத்தை வெளியே காட்டாது, சுற்றியிருப்பதைத்தான் பிரதிபலிக்கும். பளபளப்பான செம்பின் எமிசிவிட்டி 0.1-க்கும் கீழ், கறுப்பு மின் டேப்புக்கோ 0.95 அளவில். கேமராவில் 0.95 என்று வைத்துக்கொண்டு வெறும் பஸ்பாரைப் பார்த்தால் கொதிக்கும் ஜாயிண்டும் குளிர்ந்ததாகவே தெரியும். அந்த வெப்பத்தைத் தாங்கக்கூடிய டேப்பையோ பெயின்ட்டையோ ஒவ்வொரு ஜாயிண்டிலும் முன்கூட்டியே வைக்க வேண்டும். அதற்கு ஒரே வாய்ப்பு, விண்டோ பொருத்தும் ஷட்டவுன் நாள்தான். கதவை மூடி சப்ளை கொடுத்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

அதே நாளில், கதவில் துளை போடுவதற்கு முன் கேமராவை அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பாலிகார்பனேட் தடுப்பு இருந்தால் கண்ணுக்கு லக் தெரியும், கேமராவுக்குத் தடுப்பின் வெப்பம் மட்டுமே தெரியும். துளையிடும்போது விழும் இரும்புத் தூளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். பஸ்பார் மேல் அது தங்கினால் நாமே ஒரு ஷார்ட் சர்க்யூட்டை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

லோடு குறைவான ஞாயிற்றுக்கிழமையில் சோதிப்பது இன்னொரு தவறு. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 சதவீத லோடில் முழு வெப்பத்தில் 16 சதவீதம்தான் உண்டாகும், 30 சதவீதத்தில் வெறும் 9. குறைந்தது 40 சதவீத லோடாவது இருக்கட்டும் என்று இத்துறையில் சொல்வது இதனால்தான். படத்தோடு அப்போதைய ஆம்பியரையும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் சென்ற முறையோடு ஒப்பிடவே முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. விண்டோ இருக்கிறது என்ற தைரியத்தில் சிலர் பாதுகாப்பு உடையைக் கழற்றிவிடுகிறார்கள். உள்ளே ஆர்க் வெடித்தால் அந்த விண்டோ கேடயமாக நிற்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கதவைத் திறக்காததால் விபத்தைத் தூண்டும் வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான். ஆர்க் தாங்குவதாகச் சோதிக்கப்பட்ட பேனலாக இருந்தாலும், அந்தச் சோதனை இதே விண்டோவோடு நடந்ததா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.