இருமினால் சிறுநீர் கசிகிறதா? ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் செய்யக்கூடாத தவறுகள்

மும்பையின் தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் நம் பெண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. டாக்டர் முன்னால் உட்கார்ந்து "கீழே கொஞ்சம் தொந்தரவு" என்பார்கள். கூட வந்த மகன் அதை இந்தியில் சொல்வான். மகன் முன்னால் சொல்லக் கூசுகிற விஷயம் டாக்டருக்குப் போய்ச் சேருமா? முதல் தவறு இதுதான். இந்தி வராவிட்டால் மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிப் போங்கள்.

எப்போது கசிகிறது என்பதை வைத்துத்தான் வைத்தியமே. இருமும்போது, தும்மும்போது, குடம் தூக்கும்போது, லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும்போது கசிந்தால், சிறுநீர்க் குழாயைத் தாங்கும் தசையும் திசுவும் தளர்ந்திருக்கின்றன. ஆபரேஷன் இதற்குத்தான். திடீரென முட்டிக்கொண்டு வந்து, பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும்போதே நனைந்துவிட்டால் அது வேறு கோளாறு. அதற்குப் பயிற்சியும் மாத்திரையும்தான் முதலில். ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஆபரேஷன் செய்தால் அவசரம் இன்னும் கூடவும் வாய்ப்புண்டு. இரண்டும் கலந்திருந்தால் எது அதிகம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எப்போது, எதனால் கசிந்தது என்று மூன்று நாள் குறித்து வைத்த தாள் ஒன்று கையில் இருந்தால் போதும்.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இதுவும் நின்றுவிடும்" என்று நம்பி அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கசிவுக்கு அது வைத்தியமே அல்ல.

சிறுநீர் வழியைத் தாங்கும் அடித் தசையை வலுவாக்கும் இடுப்புத்தளப் பயிற்சியைப் பத்தே நாளில் விடுவதும் தவறு. குறைந்தது 3 மாதம் வேண்டும். வயிற்றை இறுக்குவதோ முக்குவதோ பயிற்சி இல்லை. கீழே வாயு பிரியாமல் அடக்குவதுபோல் அந்தத் தசையை உள்ளிழுக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சரிபார்த்தால் நல்லது. இன்னும் குழந்தை பெறும் எண்ணமிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே பெரும்பாலும் நல்லது.

என்ன ஆபரேஷன் என்று கேட்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. பரவலாகச் செய்வது, சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஏறக்குறைய 1 செ.மீ. அகலமுள்ள பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை டேப் வைப்பது. 1990களில் ஸ்வீடனில் உருவான முறை. பலருக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் டேப் உள்ளேயே நிரந்தரமாக இருக்கும். சிலருக்குத் திசுவை அரித்துக்கொண்டு வெளியே தலைகாட்டும், தீராத வலி தரும், முழுதாக எடுப்பதும் எளிதல்ல. பிரிட்டன் 2018இல் இதை நிறுத்திவைத்தது. அமெரிக்கா 2019இல் விற்பனையை நிறுத்தியது அடி இறக்கத்துக்கு, அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிவதற்கு, பெண்ணுறுப்பு வழியாக வைக்கும் மெஷ் என்ற வலையை. கசிவுக்கான டேப்பை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் நிறைய.

செயற்கைப் பொருள் வேண்டாமென்றால் வயிற்றுத் தசையுறையிலிருந்து எடுத்த சொந்தத் திசுவால் தாங்கல் கட்டலாம், தையல் போட்டுத் தூக்கிக் கட்டலாம். இரண்டும் கொஞ்சம் பெரிய ஆபரேஷன், தேற நாளாகும். சிறுநீர்க் குழாயின் சுவரில் ஊசிவழி ஜெல் போடுவது லேசானது. பலன் குறைவு, மறுபடி போட வேண்டி வரலாம்.

முடிந்தபின் சிறுநீர் நன்றாகப் பிரிகிறதா என்று பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். ஏறக்குறைய 6 வாரம் கனம் தூக்கக்கூடாது. விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரும்போது டிரம்மை நிரப்புவது யார் என்று தேதி வாங்கும் முன்பே வீட்டில் பேசி வையுங்கள்.